கை ஏன் கீழே போனது

ஷைனி ஐந்து வாரமாக அடி வாங்கிக்கொண்டிருந்தாள். எதிரே நின்று அடிக்கிறவள் வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பாள். அடிக்கிற இசக்கிசெல்வி சந்தேகப்பட்டாள்.

தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், மண்டல் என்கிற சங்கக் கட்டடத்தின் மாடியில், வாரத்துக்கு ஐந்து சாயந்திரம் பாக்ஸிங் வகுப்பு. முடிந்ததும் மற்ற பெண்கள் கையில் சுற்றிய பட்டையைக் கழற்றிக்கொண்டே படியிறங்கிப் போவார்கள். செல்வி மட்டும் மேல் படியில் உட்கார்ந்து அன்றைய ஸ்பாரிங்கை, அதாவது பயிற்சிச் சண்டையை, நோட்டில் எழுதுவாள். யாரோடு நின்றாள், எத்தனை குத்து கொடுத்தாள், எத்தனை வாங்கினாள், எந்தக் கையால். அவள் படித்தது இந்தி மீடியம். வீட்டில் பேசுகிற திருநெல்வேலித் தமிழை இந்தி எழுத்தில் எழுதுவாள். அதைத் தன்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி.

ஆகஸ்டில் ஒரு சாயந்திரம் ஷைனி பதினான்கு, செல்வி ஆறு. செப்டம்பர் கடைசி வரைக்கும் ஏறக்குறைய அப்படியேதான். அக்டோபர் முதல் வாரத்திலிருந்து எண்கள் நகரத் தொடங்கின. நவம்பர் பிறந்தபோது ஷைனி ஏழு, செல்வி பதிமூன்று.

தான் முன்னேறிவிட்டோம் என்று நம்பத்தான் அவளும் முயன்று பார்த்தாள். ஒரு காரணமும் அகப்படவில்லை. இடது கால் இன்னும் அதே மந்தம். மூன்றாவது ரவுண்டில் மூச்சு இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் கொடுக்கும் கவுண்டரில் அவளுக்கு வேலை. ஒரே பெயரில் இரண்டு பேர் வருவார்கள், ஒரே வயதிலும் வருவார்கள். லேபிளை இரண்டு தரம் பார்க்காமல் உறையை நீட்ட மாட்டாள். அந்தப் பழக்கத்தில் இந்த எண்களையும் இரண்டு தரம் பார்த்தாள். தன் பக்கம் ஒன்றும் மாறவில்லை என்றால் மாறியிருப்பது ஷைனி. வேண்டுமென்றே வாங்குகிறாள்.

எதற்கு? நவம்பர் மூன்றாவது ஞாயிறு டிரயல். ஐம்பத்து நான்கு கிலோவில் இந்தக் கிளப்பிலிருந்து மாநிலப் போட்டிக்கு ஒரே ஒருத்தி போகலாம். அந்த எடையில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். செல்விக்கு ஏப்ரலிலிருந்து சாயந்திர ஷிஃப்ட் என்று கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வகுப்பு கிடையாது. இந்த வருஷம் மாநிலத்தில் ஒரு மெடல் வாங்கினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு மனுப் போடலாம். இல்லையென்றால் கவுண்டர்தான், உறைதான். இதெல்லாம் ஷைனிக்கும் தெரியும். தன்னை மெத்தனமாக்கிவிட்டு, டிரயல் அன்றைக்கு முழுசாக அடிக்கப்போகிறாள் என்று செல்வி முடிவு கட்டினாள். முடிவு கட்டிய ஐந்தாவது நிமிஷம், நம் புத்தியே கோணலோ என்ற சந்தேகமும் வந்தது. இரண்டையும் நோட்டில் எழுதிவைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ மாட்டும்போது ஷைனியின் பாதங்களைப் பார்த்தாள். இரண்டு பாதத்தின் மேல்புறத்திலும், கட்டை விரலுக்குச் சற்று மேலே, தோல் உரசிச் சிவந்து பொருக்குத் தட்டியிருந்தது. பாக்ஸிங்கில் கணுக்காலுக்கு மேல் வரை ஷூ. பாதத்தின் மேல்புறம் எதிலும் உரச வழியில்லை. காது மடலின் உள்பக்கம் லேசாக வீங்கியிருந்தது. முன்கையில் எட்டணா அளவுக்கு வட்டமாக ஒரு படை.

காலில் என்ன என்று கேட்டாள்.

"அக்கா கல்யாணத்துக்குப் புதுச் செருப்பு வாங்குனேன். கடிச்சிட்டு."

"ரெண்டு கால்லயும் ஒரே எடத்துலயா?"

ஷைனி லேஸைக் கட்டுவதை நிறுத்தினாள். "நீ லேப்ல வேல பாக்கியா, போலீஸ்லயா பிள்ளே?"

அன்றைக்கு ஸ்பாரிங்கில் செல்வி அடிப்பதைக் குறைத்துக்கொண்டு பார்ப்பதைக் கூட்டினாள். ஷைனி நிற்கிற விதமே வேறாகியிருந்தது. பாக்ஸர் பக்கவாட்டில் ஒடுங்கி நிற்பாள், எதிராளிக்குக் குறைவான உடம்பைக் காட்டுவாள். ஷைனி இப்போது மார்பை நேராகக் காட்டி நின்றாள். கைகள் கன்னத்தை விட்டு விலகி, இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. இடைவெளியும் அதிகம் விட்டாள், கீழேயிருந்து ஏதோ வரும் என்று எதிர்பார்க்கிறவளைப் போல. அந்தக் கதவு வழியாகத்தான் தன் ஜாப் குத்துகள் அத்தனையும் போயிருக்கிறது என்பது செல்விக்குப் புரிந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தாள். வெறுங்காலோடு கூண்டுக்குள் இரண்டு பெண்கள். ஒருத்தி மற்றவளின் காலைப் பிடித்துச் சாய்க்கிறாள், மேலே ஏறிப் படுக்கிறாள், பாதத்தின் மேல்புறத்தை மெத்தையில் ஊன்றி உந்துகிறாள். நிறுத்தினாள். இன்னொரு தரம் பார்த்தாள். எம்.எம்.ஏ., குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை.

அப்படியானால் ஷைனி வேண்டுமென்று அடி வாங்கவில்லை. வேறு எங்கோ போய் வேறு ஏதோ கற்றுக்கொள்கிறாள். அது அதைவிடப் பெரிய விஷயம். பயிற்சி கொடுக்கும் நுஸ்ரத் அக்காவிடம் ஒரே ஒரு விதியில் தளர்ச்சி கிடையாது. டிரயல் தேதி சொன்ன நாளிலிருந்து மாநிலப் போட்டி முடியும் வரை யாரும் வேறு ஜிம்மில் கால் வைக்கக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சஃப்ரீன் என்ற பெண் உதைக்கக் கற்கிறேன் என்று எங்கோ போய், மாநிலப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது முட்டி ஜவ்வைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அந்த வருஷம் கிளப்பின் இடம் காலியாகவே போனது. தேதி சொல்லி மூன்று வாரமாகிறது. செல்வி போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிரயலே வேண்டாம்.

சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். சொல்வதற்கு முன்னால் நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, வெள்ளிக்கிழமை படியில் வைத்து ஷைனியிடம் நேராகவே கேட்டாள். எந்த ஜிம்?

ஷைனி மறுக்கவில்லை. செல்வியின் முகத்தையும் மூடியிருந்த நோட்டையும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாளைக்கு ஒனக்கு அரை நாள்தானே? செம்பூர் வா. வந்து பாத்துட்டு அப்புறம் யார்ட்ட என்ன வேணும்னாலும் சொல்லு."

போயிருக்கக் கூடாது. ஜி.டி.பி. நகரில் ஹார்பர் லைன் ரயில் ஏறும்போதே செல்விக்குத் தெரியும். பார்க்க மட்டும்தான் போகிறோம், பார்ப்பது கால் வைத்ததாகாது என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் பையில் டிராக் பேண்ட்டையும் வைத்திருந்தாள்.

திலக் நகரில் ஷைனி ஏறினாள். அவள் வீடு அங்கேதான். செம்பூர் வந்து, கூட்டத்தில் நசுங்கி இறங்கி, நடக்கிற வழியெல்லாம் வாக்குவாதம். இடுப்புக்குக் கீழே மனுஷிக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி பாக்ஸிங் நடந்துகொள்கிறது, அது பாதிச் சண்டை என்றாள் ஷைனி. கட்டிப்பிடித்தால் உடனே பிரித்துவிட ஒரு ஆள் வருகிறான், வெளியே எவன் வந்து பிரிப்பான் என்றும் கேட்டாள். அதற்காக விழுந்தவளின் மேல் உட்கார்ந்து அடிப்பதா, அதைத் தாராவியில் தண்ணீர்க் குழாயடியில் பார்க்கலாமே, ஜிம் எதற்கு என்றாள் செல்வி. இரண்டு கையை மட்டும் வைத்துக்கொண்டு நூறு வருஷமாக ஒரே கதவைத் திறக்கப் பார்க்கிறார்கள், அதனால்தான் அந்தக் கைகள் அவ்வளவு நுணுக்கமாக இருக்கின்றன என்று அவளுக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாயில் அது அப்படி வரவில்லை. "எல்லாத்தையும் கத்துக்கிட்டா ஒண்ணுமே ஒழுங்கா வராதுட்டீ" என்று மட்டும் சொன்னாள்.

"அத உள்ள வந்து சொல்லு."

ஒரு கட்டடத்தின் அடித்தளம். சுவருக்குச் சுவர் கறுப்பு மெத்தை, டெட்டால் வாசனை, எல்லோரும் வெறுங்கால். ஷகீல் என்ற பயிற்சியாளர் மெதுவாகப் பேசுகிற ஆள். செல்வி கையைத் தூக்கி நின்றதைப் பார்த்த உடனே பாக்ஸரா என்று இந்தியில் கேட்டார், விரல் வெளியே தெரிகிற சின்ன கையுறை ஒன்றைக் கொடுத்தார். அவர் கண்ணில் ஏளனம் தெரிகிறதா என்று தேடினாள். தெரியவில்லை. அதுவே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

முதல் ஜாப் ஷைனியின் நெற்றியில் போய் உட்கார்ந்தது. சின்ன கையுறையில் எலும்பு எலும்பைத் தொட்டது தெரிந்தது. இவ்வளவுதானா என்று நினைத்து இரண்டாவதைப் போட்டாள். போட்ட இடத்தில் ஷைனி இல்லை. தொடைக்குப் பின்னால் இரண்டு கைகள் பூட்டிக்கொண்டன. அடுத்து அவள் பார்த்தது கூரை விளக்கு. எழுந்து நின்றாள், மறுபடியும் விளக்கு. மூன்றாவது தரம் எழ முயன்றபோது கழுத்தைச் சுற்றி ஒரு முன்கை வந்து இறுகியது. என்ன செய்வதென்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தரையில் தட்டினால் விட்டுவிடுவார்கள் என்று ஷகீல் குனிந்து சொன்ன பிறகுதான் தட்டினாள்.

பிறகு அவர் ஒரு வழி காட்டிக்கொடுத்தார். எதிராளி தோளை இறக்கிக் கீழே வருவதைப் பார்த்த கணம், இரண்டு கையையும் இறக்கி அவள் தோளையும் கழுத்தையும் தடுக்க வேண்டும். இடுப்பையும் கால்களையும் பின்னால் தூக்கி எறிந்து முழுப் பாரத்தையும் அவள் மேல் போட வேண்டும். யோசிக்க நேரமில்லை, உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காரியத்தைச் சொல்லிக்கொடுத்தால் செல்வி அதை எண்ணிச் செய்கிறவள். ஷைனி கீழே வரவர நாற்பது தரம் செய்தாள். கடைசிப் பத்தில் நான்கு முறை ஷைனியால் காலைத் தொட முடியவில்லை. நான்காவது முறை செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரு வகுப்பில் சிரித்திருக்கிறோம் என்று அப்புறம்தான் உறைத்தது.

திரும்பி வரும் வண்டியில் தனியாக உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். பாக்ஸிங்கில் விழுந்தால் உனக்காக நின்று எண்ணுகிறார்கள், அங்கே விழுந்த பிறகுதான் சண்டையே ஆரம்பிக்கிறது என்று எழுதினாள். பாக்ஸிங்கில் எதிராளியின் மார்பைப் பார்த்தால் போதும், இரண்டு கையும் தெரிந்துவிடும். அங்கே எதைப் பார்ப்பது என்பதையே முதலில் கற்க வேண்டும். எது பெரிது என்று எழுத வந்தபோது பேனா நின்றது. குர்லா தாண்டி வண்டி வேகம் எடுத்தபோது இன்னொன்று தோன்றியது. இப்போது நானும் விதியை மீறியவள். ஷைனியைக் காட்டிக்கொடுக்கப் போனால் என்னையும் சேர்த்துத்தான் காட்டிக்கொடுக்க வேண்டும்.

அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

அந்த வாரம் முழுக்க நுஸ்ரத் இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தவில்லை. டிரயலுக்கு முன்னால் ஒருத்தியை ஒருத்தி படித்துவிடக் கூடாது என்பது அவள் வழக்கம். செல்வி உயரமான பெண்களோடும் கனமான பெண்களோடும் நின்றாள். யாரும் தோளை இறக்கிக் கீழே வரவில்லை. ஷைனி போகிறபோதும் வருகிறபோதும் சாதாரணமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் செல்வி பஸ்ஸில் வீடு வரைக்கும் சுமந்து போய்ப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணி. மண்டல் மாடியின் ரிங்குக்கு மூன்று பக்கம்தான் கயிறு. நான்காவது பக்கம் சுவர், அதில் பழைய மெத்தை கட்டியிருக்கும். நடுவர் நுஸ்ரத், மார்க் போடுகிறவளும் அவளே. பார்க்க வந்தது கிளப் பெண்கள் பத்துப் பேர். மூன்று ரவுண்ட், ரவுண்டுக்கு இரண்டு நிமிஷம்.

முதல் அரை நிமிஷம் செல்வியுடையது. திறந்த கதவு வழியாக ஜாப் போய்க்கொண்டே இருந்தது. அப்போது ஷைனி இடது தோளை இறக்கி முட்டியை மடக்கினாள். செல்வி கேட்காமலேயே அவளுடைய இரண்டு கைகளும் கீழே இறங்கின, இடுப்பு பின்னால் போனது. கன்னம் இரண்டும் காவலில்லாமல் நின்றன. ஷைனியின் வலது கை மேலே சுற்றி வந்து காதுக்கும் தாடைக்கும் நடுவில் இறங்கியது.

என்ன நடந்தது என்று செல்விக்கு விளங்குவதற்குள் மறுபடியும் தோள் இறங்கியது, மறுபடியும் கைகள் கீழே, மறுபடியும் அதே இடத்தில் இடி. முழங்கால் மடிந்து மெத்தைச் சுவரில் சாய்ந்தாள். நுஸ்ரத் நடுவே வந்து விரலைக் காட்டி எண்ணத் தொடங்கினாள். எட்டு வந்ததும் கண்ணைப் பார்த்தாள், தொடரச் சொன்னாள். மணி அடிக்கும் வரை செல்வி ஓடியே பிழைத்தாள்.

ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீரைக் கொப்பளித்தாள். எதிர் மூலையில் ஷைனி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது தரம் என்று நினைத்தாள் செல்வி. நாற்பது தரம் என் எதிரே கீழே வந்து, என் கையை இறங்கப் பழக்கிவிட்டு, இன்றைக்கு வந்து மேலே அடிக்கிறாள். வாயைக் கட்ட மட்டும் கூட்டிப் போகவில்லை, கையைக் கெடுக்கவும்தான். இல்லை, யாரோ சொன்னார் என்று நாற்பது தரம் செய்தவள் நீதானே, பத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று இன்னொரு குரல். ஒரு நிமிஷ இடைவெளியில் அரை நிமிஷம் இப்படிப் போய்விட்டது. மிச்சம் அரை நிமிஷத்தில் ஒன்றே ஒன்றுதான் தேறியது. இந்தக் கயிற்றுக்குள் என் காலை யாரும் தொட முடியாது. அவள் கீழே வந்தால் வரட்டும். கீழே வருகிற முகத்துக்கு என்று பாக்ஸிங்கில் ஒரு குத்து இருக்கிறது.

இரண்டாவது ரவுண்டில் ஷைனி முதல் தரம் தோளை இறக்கியபோது கைகள் பாதி வரை போய்விட்டன. இழுத்து மேலே கொண்டுவந்தாள், அடி தலைக்கவசத்தின் நெற்றிப் பக்கத்தில் உரசிப் போனது. அடுத்த தரம் இடது கையைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கீழேயிருந்து மேலே அப்பர்கட் போட்டாள். கீழே வந்துகொண்டிருந்த ஷைனியின் முகம் அதை நோக்கித் தானாகவே வந்தது. மூக்கிலிருந்து ரத்தம் இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த பெண்களின் பேச்சு நின்றது. அதற்குப் பிறகு ஷைனி கீழே வருவதைக் குறைத்துக்கொண்டாள். கீழே வராத ஷைனிக்கு நேராக நிற்கிற உடம்பும் திறந்த கதவும்தான் மிஞ்சின.

மூன்றாவது ரவுண்டில் இருவருக்கும் மூச்சில்லை. மெத்தைச் சுவரோரம் கட்டிப்பிடித்து நின்றபோது ஷைனியின் வலது கால் நழுவி வந்து செல்வியின் குதிகாலுக்குப் பின்னால் கொக்கி போட்டது. செல்வி தடுமாறினாள்.

"கால்!" நுஸ்ரத் இருவரையும் பிரித்து ஷைனிக்கு எச்சரிக்கை கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஆட்டத்தை உடனே தொடங்கவில்லை. அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முடிந்த பிறகு நுஸ்ரத் மேஜையில் உட்கார்ந்து தாளில் எழுதினாள். முதல் ரவுண்ட் ஷைனிக்கு, மற்ற இரண்டும் செல்விக்கு, இரண்டாவது நன்றாகவே, மூன்றாவது ஏதோ மயிரிழையில் என்றாள். யாரோ கைதட்டப் போனார்கள். நுஸ்ரத் பேனாவைத் தூக்கிக் காட்டினாள், அது அடங்கியது. மற்ற பெண்களைக் கீழே போகச் சொன்னாள். கதவு சாத்தப்பட்டது.

"இசக்கிசெல்வி. கை ஏன் கீழ போச்சு?"

செல்வி கையுறையின் பட்டையைப் பிரித்தாள்.

"ஆறு வருசமா நான் கத்துக்குடுக்கேன். கையைக் கீழ எறக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. இந்தா நிக்காளே, இவ காலு கொக்கி போடுது. அதயும் நான் சொல்லிக்குடுக்கல. எங்கேருந்து வருது இதெல்லாம்?"

"அவளுக்குத் தல சுத்தியிருக்கும் அக்கா" என்றாள் ஷைனி, மூக்கில் பஞ்சோடு. "கவுண்ட் வாங்குனால்லா."

"கவுண்டுக்கு முன்னாலயே கை கீழதான் இருந்துச்சு."

"பயந்துருப்பா."

ஷைனி தனக்காகப் பொய் சொல்கிறாள் என்று செல்விக்குப் புரிந்தது. நன்றிதான் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. மாநிலப் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம். இந்த ஐந்து வாரமும் தன் இடம் இவள் வாயில் இருக்கும். இவளுக்கு என்றைக்குக் கோபம் வருகிறதோ அன்றைக்கு அது திறக்கும். ஒவ்வொரு சாயந்திரமும் ஷைனி நுஸ்ரத்தோடு பேசுவதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிற தன்னையே செல்வி பார்த்தாள். அதைவிட இப்போதே கொட்டிவிடுவது மேல். அது நேர்மையா, வெறும் பயமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

"நான் செம்பூர்ல ஒரு எம்.எம்.ஏ. ஜிம்முக்குப் போனேன் அக்கா. போன சனிக்கெழம. ஒரே ஒரு நாள்."

நுஸ்ரத் பேனாவைக் கீழே வைத்தாள். யார் கூட்டிப் போனது என்று கேட்டாள். செல்வி மேஜைக் காலைப் பார்த்தாள். ரிங்கின் சின்ன மின்விசிறி கடகடவென்று சுற்றியது. ஷைனி கைப்பட்டையை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள், அது நீளமான பட்டை.

"நாந்தான். நான் நாலு மாசமா போறேன்."

"நாலு மாசம்" என்றாள் நுஸ்ரத். எழுந்து ஜன்னல் வரை போய் வந்தாள். பெயரைச் சாயந்திரம் ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அந்த எடையில் இடம் வேறு கிளப்புக்குப் போய்விடும். சஃப்ரீன் விஷயத்தில் ஒரு தரம் கைவிட்டுப் போய், திரும்பக் கிடைக்க ஒரு வருஷம் பிடித்தது.

"ரூல்படி ரெண்டு பேரையும் வெளிய அனுப்பணும். அனுப்பிட்டு யாரக் கூட்டிட்டுப் போவேன், இந்தச் செவுத்தையா?" அவள் உட்கார்ந்தாள். "ஷைனி, இந்த வருசம் ஒனக்கு டீம் கெடையாது. செல்வி பேரு போவும். ஆனா கை கீழ போற பிள்ளயக் கொண்டுபோயி ஸ்டேட்ல நிறுத்தி நான் அசிங்கப்பட மாட்டேன். நாளைலேருந்து காலைல ஆறரைக்கு ரெண்டு பேரும் இங்க இருக்கணும். அவ குனியணும், நீ கையை எறக்கக் கூடாது. தெனம் நூறு."

"நான் டீம்லதான் இல்லியே" என்றாள் ஷைனி. "வரலேன்னா?"

"வராத. வராத அன்னைக்கு இவ பேர வாபஸ் வாங்கிருவேன். இவ கையைக் கெடுத்தது நீ, சரி பண்ணவும் ஒன்னாலதான் முடியும். எனக்கு அந்தக் குனிச்சல் வராது."

ஷைனியின் வாயிலிருந்து செல்வி பிடுங்கிய இடத்தை நுஸ்ரத் எடுத்து ஷைனியின் காலிலேயே கட்டிவிட்டாள். ஷைனி படியிறங்கிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஆறேகாலுக்கே செல்வி கைப்பட்டை சுற்றி, ஹெட்கார்டு மாட்டி ரிங்குக்குள் நின்றாள். ஆறரை ஆனது. நுஸ்ரத் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நாற்பது. வரமாட்டாள், எதற்கு வர வேண்டும், தனக்கில்லாத இடத்தை இன்னொருத்திக்குக் கட்டிக்காக்க யார் ரயில் ஏறி வருவார்கள் என்று நினைத்தாள் செல்வி. தானாக இருந்தால் வந்திருப்போமா என்று கேட்டுக்கொண்டாள். வந்திருப்போம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கையுறைக்குள் விரலை நுழைக்காமல் போனில் ஹார்பர் லைன் நிலவரத்தைப் பார்த்தாள். வண்டிகள் நேரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தன.

ஆறு ஐம்பதுக்கு ஷைனி வந்தாள். மூக்கு வீங்கிப் பளபளத்தது.

"லைன்ல லஃப்டா" என்றாள் நுஸ்ரத்திடம். "குர்லால வண்டி இருபது நிமிசம் நின்னுட்டு."

நுஸ்ரத் தலையை அசைத்து ரிங்கைக் காட்டினாள். ஷைனி கயிற்றுக்குள் நுழைந்து எதிரே வந்து நின்றாள். அந்த இருபது நிமிஷம் அவள் எங்கே இருந்தாள், ஸ்டேஷனிலேயே திரும்பிப் போகலாமா என்று நின்றாளா, கீழே தெருவிலேயே நின்று யோசித்தாளா என்று செல்வி கேட்கவில்லை. கேட்க வேண்டிய வேறொன்று இருந்தது.

"வேணும்னுதான் என்ன அங்க கூட்டிட்டுப் போனியா?"

ஷைனி கையுறையின் பட்டையைப் பல்லால் இழுத்து ஒட்டினாள். "பாதி."

"எந்தப் பாதி?"

"நீ நோட்டு வச்சிருந்தியே. அது யார்ட்டயாவது போகும்னு பயந்தேன். நீயும் வந்துட்டா போகாது." அவள் மூச்சை மூக்கால் இழுக்கப் பார்த்தாள், முடியவில்லை, வாயால் இழுத்தாள். "ஒன் கை கீழ எறங்கும்னு எனக்குத் தெரியாது. நேத்துதான் தெரிஞ்சது. தெரிஞ்ச பொறவு அடிச்சேன். நீயா இருந்தா அடிச்சிருக்க மாட்டியா?"

செல்வி அவள் கண்ணைப் பார்த்தாள். இரண்டாவது தரமும் பார்த்தாள். குர்லாவில் வண்டி நின்றது என்று சொன்னபோதும் கண் இப்படித்தான் இருந்தது.

"அடிச்சிருப்பேன்" என்றாள்.

ஷைனி பல் காப்பைக் கடித்துக்கொண்டாள். தோள் இறங்கியது, முட்டி மடங்கியது. செல்வியின் முழங்கைகள் விலாவை விட்டுக் கிளம்பப் பார்த்தன. அவள் கைகளைக் கன்னத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஷைனியின் வலது கை சுற்றி வந்து கையுறையில் மோதியது, மெதுவாக அல்ல.

"ஒண்ணு" என்றாள் நுஸ்ரத்.